அருள்சாமி வண்டியில் ஏறிய எண்ணெய்

ஒதியம்பட்டு அருள்சாமியின் டீசல் காரில் இஞ்சின் எண்ணெய் குறையாது, ஏறும். பங்குக் கோயிலில் இது தெரியாத ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பானெட்டைத் திறப்பார். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மேல்கோட்டையும் தாண்டி நிற்கும் எண்ணெயை நாலு பேருக்குக் காட்டுவார்.

"ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் எண்ணெயைக் குடிக்குதுபா. என் வண்டி சுரக்குது. மாதா கோயில்ல மந்திரிச்ச வண்டின்னா சும்மாவா?"

கரும்பு போட்டு, நெல் போட்டு, சொந்த உழைப்பில் வாங்கிய கார். பெருமை இல்லாமல் இருக்குமா? இருக்கட்டும். ஆனால் மனுஷன் அந்த எண்ணெய்க்காக வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி வேறு ஏற்றிவிட்டு வந்தார்.

அந்தப் பெருமைக்கு உள்ளே ஒரு முள்ளும் இருந்தது. அண்ணன் ஆன்டனி பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, பிரான்சிலேயே தங்கிவிட்டவர். பட்டாளத்துக்காரர் என்பதால் ஊரில் சொல்தா ஆன்டனி என்றால்தான் தெரியும். தம்பி கார் வாங்குகிறான் என்றதும் போனிலேயே சிரித்தார். "உனக்கு டிராக்டரு போதும்டா. டீசல் காரை வச்சிக் காப்பாத்த உன்னால ஆவாது" என்றார். அருள்சாமிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

இப்போது அண்ணன் ஊருக்கு வருகிறார். எப்போதும் சென்னை விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில்தான் வருவார். "டாக்ஸி சொல்லாத. என் வண்டில நான் வரேன்" என்று அருள்சாமி சொல்லிவிட்டார். வண்டி நடுரோட்டில் மக்கர் பண்ணினால், அண்ணன் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் வாசலில் வைத்துக் குச்சியை உருவினார். எண்ணெய் இன்னும் ஏறியிருந்தது. மனைவி பாத்திமா மேரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் குச்சியை வாங்கி மூக்கருகே கொண்டு போனாள். முகம் மாறியது.

"இன்னாங்க, இதுல டீசல் நாத்தம் அடிக்குது?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல. மாதா குடுக்குறது."

"மாதா குடுத்தா டீசல் நாத்தத்தோடவா குடுப்பாங்க?"

எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வழவழப்பே இல்லை. கொல்லைக்குக் கரண்டு வரும்வரை டீசல் இஞ்சினை ஓட்டித் தண்ணீர் இறைத்தவள் அவள்தான். "நம்ம பம்பு இஞ்சின் சிக்கிக்கிச்சே, அதுக்கு முன்னால எண்ணெய் இப்பிடித்தான் தண்ணியா கெடந்துச்சி. இதோட மெட்ராஸ் போவாதீங்க" என்றாள்.

"ஆயில் மாத்த பதினஞ்சாயிரம் கிலோமீட்டர்னு புக்குல போட்டிருக்கான். நாம பாதிகூட ஓட்டல!"

அருள்சாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிஜத்தில் அது கோபம் இல்லை, பயம். அவள் சொல்வது சரியென்றால் இத்தனை நாள் ஊரெல்லாம் அளந்தது என்ன ஆவது? ஆனாலும் பம்பு இஞ்சின் சிக்கிய சத்தம் அவர் காதிலும் இருந்தது. வீட்டிலிருந்த டிராக்டர் எண்ணெய் கேனைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, மனைவியோடு வில்லியனூர் பலராமன் பட்டறைக்குப் போனார்.

மெக்கானிக் பலராமன் அடியில் நட்டைக் கழற்றினான். எண்ணெய் கறுத்த ரசமாகக் கொட்டியது.

"வண்டியை எங்கெங்கண்ணே ஓட்டுவ?"

"பூசைக்கு, பால் சொசைட்டிக்கு, மார்க்கெட்டுக்கு."

"அதான் வெனை. புகையில இருக்குற கரியை ஒரு ஃபில்டர் புடிச்சி வச்சிக்கும். நீளமா ஓடி சூடானாத்தான் அது எரியும். எரிக்கிறதுக்கு இஞ்சின் கொஞ்சம் டீசலைச் சேத்து அடிக்கும். நீ பாதியில ஆஃப் பண்ணிட்டா அந்த டீசல் எண்ணெயில எறங்கிடும். புக்குல போட்டுருக்குற கணக்கு நீளமா ஓடுற வண்டிக்கு. உன்ன மாதிரி ஓட்டுனா முன்னாடியே மாத்திடணும்ணே. இதோட மெட்ராஸ் போயிருந்தா இஞ்சினே போயிருக்கும்."

அருள்சாமி டிராக்டர் எண்ணெய் கேனை நீட்டினார். பாத்திமா மேரி அவர் கையைப் பிடித்தாள். அவள் மடியில் வண்டிப் புத்தகம் விரிந்திருந்தது. "சாம்பல் கம்மியா இருக்குற ஆயிலுதான் ஊத்தணும்னு இதுல போட்டிருக்குது."

"அக்கா சொல்றது சரி. உன்னுது நல்ல ஆயிலுதான், ஆனா டிராக்டருக்கு. இதுல ஊத்துனா சாம்பல் போயி அந்த ஃபில்டரை அடைச்சிடும்" என்ற பலராமன், புத்தகத்தில் சொன்ன எண்ணெயையே வாங்கிவரச் சொல்லி ஊற்றினான். நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாகப் போனால் பிடித்திருக்கும் கரியும் எரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினான்.

வண்டி சென்னைக்குப் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அவ்வளவு சுகமான ஓட்டம். திண்டிவனம் தாண்டும்போது அண்ணன் தூங்கியே போனார். எண்ணெய் மாற்றிய சங்கதி பற்றி அருள்சாமி மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. கோயில் வாசலில் வழக்கமான கூட்டம் காரைச் சுற்றிக்கொண்டது. "இன்னா அருளு, எண்ணெய் எவ்ளோ ஏறியிருக்குது? அண்ணனுக்கும் காட்டு!" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஆன்டனி திரும்பினார். "எண்ணெய் ஏறுதா? எப்பிடிடா ஏறும்?"

ஒரு சிரிப்போடு பேச்சை மாற்றியிருக்கலாம். அருள்சாமி மனைவியைப் பார்த்தார். அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு பொங்கியது. பானெட்டைத் திறந்து குச்சியை உருவி எல்லோருக்கும் காட்டினார். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் பளபளவென்று நின்றது.

"ஏறல. இனிமே ஏற விடவும் மாட்டேன். முன்ன ஏறுனது டீசலு. நான்தான் மாதா பண்ணுன புதுமைன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேன். மோந்து பாத்துக் கண்டுபுடிச்சது இவ. இவ இல்லன்னா, அண்ணே, நீ டாக்ஸிலதான் வந்திருப்ப. மாதா எனக்குக் குடுத்தது எண்ணெய் இல்லபா, இவளைத்தான்!"

ஆன்டனி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அண்ணன் குச்சியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "எனக்கே இது தெரியாதேம்மா" என்றார் பாத்திமா மேரியிடம்.

பிறகு அந்தப் பக்கம் ஒரு பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் இன்னொன்று. "யக்கா, இதையும் கொஞ்சம் மோந்து பாரேன்" என்று கூப்பிட்டார்கள். பாத்திமா மேரி முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டி வண்டியாகப் போனாள். குச்சி துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி அவள் பின்னாலேயே போனார் அருள்சாமி.