ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜன்னல் மூடும் தெரு

கட்டிலின் பின்சக்கரம் சமையலறை வாசலில் மாட்டிக்கொண்டது. ஜெரோம் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கட்டில் அசையவில்லை. அதில் படுத்திருந்த அவன் அப்பா காஸிமிர்தான் குலுங்கினார். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து எவனோ கார் டயர் விற்றுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு விரல் அகலம் கூட இருக்கு. போகாது, காலைலயே சொன்னேன்," என்றாள் இந்தப் பக்கம் நின்ற அவன் அக்கா ஐரீன்.

"கதவக் கழட்டு," என்றார் காஸிமிர்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட ஸ்பூனில்தான் இறங்கியது. ஆனால் டீம் மேனேஜரைத் திட்டுவதற்கும் பெற்ற பிள்ளைகளை விரட்டுவதற்கும் எங்கிருந்தோ மூச்சு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தாண்டுவது கஷ்டம் என்று நர்ஸ் பெர்னடீன் முந்தின நாளே ஐரீனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். சீசனின் கடைசி ஆட்டமும் அதே ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குத்தான். ஜெயித்தால் லீக் பட்டத்துக்கான கொடி நமக்கு. தோற்றால் வழக்கம்போல ஐந்து மாதம் பனியை வாரிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகஸ்டில் யாருக்கும் எட்டாத தூரத்தில் முன்னால் இருந்த டீம் அது. செப்டம்பர் முழுக்க ஒவ்வொரு ஆட்டமாகத் தொலைத்து, கடைசி நாள் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தது. டாக்டர் தன் வியாதிக்கு வைத்த பெயரை காஸிமிர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னைக் கொல்வது செப்டம்பர் மாதம்தான் என்பார்.

கட்டிலை எதற்கு வெளியே தள்ள வேண்டும் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். ஐரீன் பிறந்த வருஷம், இதேபோல ஒரு கடைசி நாளில், காஸிமிரோடு ஆலையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் முனையிலிருந்த பாரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் டீம் முன்னால் இருந்தது. காஸிமிர் நாற்காலியை விட்டு எழவில்லை. டீம் தோற்றது. மறு வருஷம் ஏதோ ஒரு ஆட்டத்தின் ஒன்பதாவதில் சிகரெட் பிடிக்க வெளியே போனார், ஜெயித்தது. மறந்துபோய் உள்ளே இருந்த நாளெல்லாம் கவிழ்ந்தது. ராசி இல்லாதவர் தாம்தான் என்று அவரே தீர்மானித்துவிட்டார். தெரு அதற்கு முன்பே தீர்மானித்திருந்தது.

அன்றிலிருந்து டீம் முன்னால் இருக்கும்போதெல்லாம் ஒன்பதாவதுக்கு அவர் கொல்லைப்புறம் போய்விடுவார். வீட்டுக்கு வீடு ரேடியோ அலறினால் அவர் காதில் விழுமே என்று அக்கம்பக்கத்தில் ஜன்னல் கண்ணாடிகளைக் கீழே இறக்கி மூடிவிடுவார்கள். ஜெயித்தால் அவர் மனைவி ஸ்டெல்லா முட்டைக்கோஸ் சூப் வைக்கும் பெரிய பானையைக் கரண்டியால் தட்டிக்கொண்டு பின்படியில் வந்து நிற்பாள். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் தெருவில் ஜன்னல் திறக்கும். நல்ல செய்தி காஸிமிருக்குத் தன் வீட்டிலிருந்துதான் முதலில் போக வேண்டும், அது தெருவின் மரியாதை. அப்படித் தட்டித் தட்டிப் பானையின் அடியே நசுங்கிவிட்டது. நசுங்கின இடத்தில் சூப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெல்லா இறந்து நாலு வருஷமாகிறது.

இந்த ஒரு தடவை அப்பா உள்ளேயே இருந்து கடைசி அவுட்டைத் தன் காதால் கேட்கட்டும் என்று ஐரீன் காலையிலிருந்து மன்றாடிப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். காஸிமிர் கேட்கவில்லை. தெருவே தன் பிணத்தின் மேல் காறித் துப்பும் என்றார்.

பெர்னடீன் சமையலறை டிராயரைத் துழாவி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். இப்போது இவரை நகர்த்துவதே தப்பு, ஆபீசில் தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே கதவின் கீல்களைக் கழற்றினாள். அவள் வீட்டுக்காரர் மூன்று வாரமாக ஒரே சாக்ஸைத் துவைக்காமல் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருநாள் கழற்றினதற்கு டீம் தோற்றதாம்.

கதவு வந்தது. கட்டிலும் முனகிக்கொண்டே வந்தது. பின்படியில் இறக்க ஆள் போதாமல் பக்கத்து வீட்டு வால்டரைக் கூப்பிட்டார்கள். காஸிமிரோடு ஆலையில் ஒரே உலையில் முப்பது வருஷம் நின்ற மனிதர். வேலியைத் தாண்டி வந்து கட்டிலின் ஒரு காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நண்பரின் முகத்தைப் பார்க்காமல் ஸ்கோரைப் பற்றியே பேசினார். எட்டாவது முடிந்துவிட்டது. நாலுக்கு இரண்டு. நம்மவர்கள் முன்னால்.

"பந்து போட யார விடறான்?" என்றார் காஸிமிர்.

"ரூப்ரெக்ட்."

"அந்த மடையன் பந்து எறியறதில்ல வால்டர், தபால்ல அனுப்பறான். அடிக்கறவன் சாவகாசமாப் பிரிச்சுப் படிச்சுட்டு அடிக்கலாம்."

வால்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி போகவே, அவசரமாக வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். உள்ளே போகவில்லை. திறந்திருந்த தன் சமையலறை ஜன்னல் வழியாக மனைவியிடம் அதை மூடச் சொன்னார்.

முதலில் அந்த ஜன்னல் இறங்கியது. அடுத்து எதிர்வரிசையில் ஒன்று, பின்சந்தில் ஒன்று, முனை வீட்டில் மாடியில் ஒன்று. ஒவ்வொரு ஜன்னலாக இறங்க இறங்க, அறிவிப்பாளரின் குரல் அந்தந்த வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போனது. கடைசியில் ஏரிக்காற்றில் துணி உலர்த்தும் கம்பி ஆடும் சத்தம் மட்டும்தான் மிஞ்சியது. கம்பளியை ஐரீன் அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். இழுத்ததையே மறுபடி இழுத்துவிட்டாள். இந்தப் பதற்றம் அப்பாவுக்காகவா ஆட்டத்துக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஐரீன், ரேடியோவக் கொண்டா," என்றார் காஸிமிர்.

"அப்பா, ஒன்பதாவது ஆரம்பிச்சாச்சு."

"தெரியும்."

"ஜெயிச்சா ஜெரோம் பானையோட வருவான். ரெடியா நிக்கறான்."

"பானைச் சத்தம் நெறையக் கேட்டாச்சும்மா." கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டேன். இப்ப அப்பிடிச் சொல்ல முடியாதில்ல."

காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இப்போது அவர் வாயாலேயே வந்ததும் அவள் சுற்றிலும் மூடின ஜன்னல்களைப் பார்த்தாள். கொடி அவர் ஒருவருடையது இல்லையே. அவள் பிறந்ததிலிருந்து இந்தத் தெரு காத்திருக்கிறது. அவளும்தான் காத்திருக்கிறாள்.

ஆனாலும் எழுந்து போனாள்.

ஜெரோம் சமையலறை ரேடியோ பக்கத்தில் ஒரு கையில் பானை, ஒரு கையில் கரண்டியோடு, ஆணியடித்த மாதிரி நின்றிருந்தான். இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தார்கள். அவன் நின்ற இடத்தைவிட்டு அசையாததால்தான் ஆனார்கள் என்பது அவன் கட்சி. ஐரீன் கட்டில் கிடந்த இடத்தில் இருந்த சின்ன டிரான்சிஸ்டரை எடுப்பதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"எங்க கொண்டு போற? இன்னும் ஒருத்தன்தான். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லு."

"அவர்கிட்ட ஒரு நிமிஷம் இருக்கான்னு எனக்குத் தெரியலடா."

அவன் தடுக்க வந்திருப்பான். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

டிரான்சிஸ்டரை அப்பாவின் காதுக்குப் பக்கத்தில், தலையணையில் சாய்த்து வைத்து மெதுவாகத் திருகினாள். ஜனங்களின் இரைச்சல் வந்தது. காஸிமிர் கண்ணைத் திறந்தார். அன்று முழுக்க இல்லாத வெளிச்சம் அந்தக் கண்ணில் வந்ததை ஐரீன் பார்த்தாள்.

ரூப்ரெக்ட் முதல் பந்தை வெளியே போட்டான். அடுத்ததையும் வெளியே போட்டான். நாலும் வெளியே போய், அடிக்க வந்தவன் விதிப்படி வியர்க்காமல் நடந்தே, ஓடி எட்ட வேண்டிய முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தான்.

"காஸ்," என்று வேலியிலிருந்து வால்டரின் குரல் வந்தது. "அது என்ன, ரேடியோவா?"

"ஆமா."

வால்டர் சிலுவை போட்டுக்கொண்டார். வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காதை இந்தப் பக்கம் நீட்டினார்.

அடுத்தவன் வலது பக்கம் தட்டிவிட்டான், இரண்டு பேஸில் ஆள். அதற்கடுத்தவன் அடித்தது ரூப்ரெக்டின் கால் நடுவிலேயே புகுந்து போனது. ஒருவன் ஓடி வந்துவிட்டான். நாலுக்கு மூன்று. மறுபடி நாலு பந்து வெளியே. மூன்று பேஸிலும் ஆள்; நன்றாக ஒரு அடி விழுந்தால் ஆட்டம் போச்சு. மூடின ஜன்னல்களுக்குப் பின்னால் தெருவே முனகுவது கேட்டது. காஸிமிரின் நெஞ்சு குலுங்கியது. ஐரீன் பதறிக் குனிந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? நான் சொன்னப்ப நீ நம்பல. எல்லாம் என் கைங்கரியம்."

"ஐரீன், அமத்திடும்மா," என்றார் வால்டர். "காஸக் கேக்க வெச்சுக்கிட்டு... ஒரே ஒரு அவுட்டும்மா."

ஐரீனின் விரல் திருகியின் மேல் போனது. திருகினால் கொடி, திருகாவிட்டால் அப்பா. படித்தவள், ஹைஸ்கூலில் கணக்கு சொல்லித் தருகிறவள், இதில் ஒன்றும் இல்லை என்று ஆயிரம் தடவை வாதாடியவள், அந்த நிமிஷத்தில் முழுசாக நம்பினாள்.

"அப்பா, அமத்தட்டுமா?"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ.

"இருக்கட்டும். எப்பிடித் தோக்கறாங்கன்னாவது கேக்கறேன்."

முதல் பந்து நேராக வந்து ஸ்ட்ரைக் ஆனது. அடுத்தது வெளியே. மறுபடி வெளியே. அடுத்தது மட்டையில் பட்டுப் பின்னால் தெறித்துப் பார்வையாளர்களுக்குள் விழுந்தது, அதுவும் ஸ்ட்ரைக் கணக்கு. அடுத்ததும் வெளியே போய், வெளிப்பந்து மூன்று, ஸ்ட்ரைக் இரண்டு என்று நின்றது. இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட், இன்னொன்று வெளியே போனால் ஆட்டம் சமம்; இதற்குமேல் இழுக்க இடமில்லை. மணிக்கட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிடி இறுகுவதை வைத்தே ஐரீன் ஆட்டத்தைப் பின்தொடர்ந்தாள். இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததே இல்லை. இருவரும் ஒரே பந்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடிக்க வந்தவன் கோட்டுக்கு வெளியே போய்க் கையைத் துடைத்துக்கொள்கிறான் என்றார் அறிவிப்பாளர். ரூப்ரெக்ட் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறான் என்றார்.

மணிக்கட்டில் பிடி தளர்ந்தது.

ஐரீன் குனிந்து பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெர்னடீன் வந்து காஸிமிரின் கழுத்தோரம் இரண்டு விரலை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு வாட்சைப் பார்த்துவிட்டு ஐரீனைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. வெளிப்பந்து மூன்று, ஸ்ட்ரைக் இரண்டு என்று நிற்கும்போது யாரும் பேசமாட்டார்கள்.

ரூப்ரெக்ட் பந்தை எறிந்தான். அடிக்க வந்தவன் அடித்துவிட்டான். அறிவிப்பாளரின் குரல் பந்தோடு சேர்ந்து மேலே மேலே ஏறியது. இடது பக்கம், பின்னால், இன்னும் பின்னால், சுவரோரம், நம்மவன் கையை நீட்டுகிறான், பிடித்துவிட்டான், பிடித்துவிட்டான். அதற்குப்பிறகு அவர் சொன்னது இரைச்சலில் கேட்கவில்லை.

வால்டர் வேலியைப் பிடித்து உலுக்கினார். எழுபது வயதுக் கிழவர் நின்ற இடத்தில் துள்ளினார்.

"காஸ்! கேட்டுக்கிட்டே இருந்தே, அப்பவும் ஜெயிச்சிட்டோம்! ஒனக்கு ராசியில்லன்னு யார்றா சொன்னது?"

"இல்ல வால்டர்," என்றாள் ஐரீன். "கடசிப் பந்துக்கு முன்னாலயே கெளம்பிட்டார்."

வால்டர் துள்ளுவதை நிறுத்தினார். தொப்பி தானாகக் கைக்கு வந்தது.

ஜெரோம் கரண்டியை ஓங்கினபடியே பின்படிக்கு ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. முதலில் அக்காவைப் பார்த்தான், பிறகு கட்டிலைப் பார்த்தான். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

சுற்றிலும் எல்லா ஜன்னல்களும் மூடியே இருந்தன. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் முகங்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, இந்தக் கொல்லைப்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையில் ஒருத்தி ஜன்னல் சட்டத்தில் கையை வைத்துத் தயாராக நின்றாள்.

"என்னால முடியாது," என்றான் ஜெரோம்.

ஐரீன் அப்பாவின் விரல்களைத் தன் மணிக்கட்டிலிருந்து எடுத்துக் கம்பளிக்குள் வைத்தாள். படியேறிப் போய்த் தம்பியின் கையிலிருந்து பானையையும் கரண்டியையும் வாங்கினாள். அம்மா தட்டித் தட்டி நசுங்கின இடத்தைத் தேடிப் பிடித்து ஓங்கி அடித்தாள்.

எதிர்வரிசை ஜன்னல் மேலே ஏறியது. அடுத்தது வால்டர் வீட்டு ஜன்னல்.