கசந்த காபி

வீங்கிய அவள் விரல்களைப் பார்த்த யாரும் சும்மா போனதில்லை. முடி வெட்டிக்கொள்ள வந்து உட்காருகிறவர்கள்கூடக் கண்ணாடியில் அவள் கையைக் கவனித்துவிட்டு, கழுத்தில் துணி கட்டி முடிப்பதற்குள் ஒரு மருந்து சொல்லிவிடுவார்கள். முடக்குவாதம் என்னவோ அவளுக்குத்தான், வைத்தியம் மட்டும் ஊருக்கே தெரிந்திருந்தது.

டாக்டர்களும் அவளைப் படுத்தாத பாடில்லை. ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் ஒரே மாதத்தில் ஓடவைக்கிறேன் என்றார். ஓட்டத்தை யார் கேட்டது? கத்தரிக்கோல் பிடிக்கிற அளவுக்கு விரல் மடங்கினால் போதாதா? கடைசியில் வாய்த்த டாக்டரம்மாவோ, சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற ரகம். எந்த உறுதியும் தரவில்லை. ஆனால் அவர் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் விரல் இளகியது, கடையில் மறுபடி கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

அது விதிக்குப் பொறுக்கவில்லை போலும். இந்த முறை ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருப்பதாக வந்தது. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றாள். பொடி, லேகியம், கஷாயம்? இல்லவே இல்லை. சுற்றிச் சுற்றி அதையே கேட்டுவிட்டு, அப்படியானால் மாத்திரைதான் காரணமாக இருக்கும், நிறுத்த வேண்டியதுதான், நாளைக்கு வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். திருடியை விசாரிப்பதுபோல அத்தனை கேள்வி, கடைசியில் இருக்கிற ஒரு மாத்திரைக்கும் வேட்டு. கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "விஷயம் தெரிஞ்சவங்க எதுக்குக் கேள்வி கேக்கணும்? அந்தப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டாரா? உன் போட்டோவைப் பாத்ததுமே சொல்லிட்டாரே" என்றார்.

"எந்தப் பெரியவர்?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சமையலறையில், சோப்புத்தூளுக்குப் பின்னால் இருந்தது அந்த வைத்தியப் பெரியவர் கொடுத்த பொடி டப்பா. தினமும் காலையில் அவரே காபி போட்டுக் கொடுப்பதைக் கடையில் சொல்லிப் பெருமையடித்தவள் அவள். காபி கசக்கிறதென்று மளிகைக்காரரிடம் சண்டை போட்டு, காபித்தூளைக்கூட மாற்றிப் பார்த்தாள். இப்போது அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். மாத்திரை ஆரம்பித்த அதே வாரம். சொன்னால் குடிக்கமாட்டாள் என்றுதான் சொல்லவில்லையாம். கை சரியானதே பொடியால்தானாம்.

"லிஃப்ட் நின்னுபோனா, ஒரே நேரத்துல ரெண்டு பார்ட்ஸை மாத்துவீங்களா?"

இந்த விஷயத்தில் அவர் பெயர் வாங்கினவர். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்ததைத் தொடு என்று கூட வேலை செய்கிறவர்களின் உயிரை வாங்குவார். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் ஓடியது, எதனால் நின்றது என்று கடவுளுக்கே தெரியாது என்பார்.

மறுநாள் டாக்டரம்மாவின் மேஜையில் புருஷனே டப்பாவை வைத்தார். டாக்டரம்மா திட்டவில்லை. எவ்வளவு போட்டீர்கள், எத்தனை வேளை, யார் கொடுத்தது என்று மறுபடியும் கேள்விதான். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இரண்டையும் நிறுத்த வேண்டும், கல்லீரல் தேறினால் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

"அதுவரைக்கும் என் கை?"

"இறுகும். அப்புறம் பழையபடி வருமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பேச்சை நம்பினாள்.

சில நாளிலேயே விரல்கள் விறைத்துக்கொண்டன. கடைக்குப் பூட்டு விழுந்தது. காலையில் அவர் இரண்டு கோப்பைக் காபியைக் கொண்டுவந்து, ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

"ஒண்ணும் போடல. சத்தியமா."

அவள் மடங்காத கைகளால் அவருடைய கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன்னுடையதை அவர் பக்கம் தள்ளினாள். அவர் எடுத்துக் குடித்தார்.