தார்ப்பாய் போடாத வருஷம்

வெர்லின் ஹாகென் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. ஊரே ஒத்துக்கொண்ட விஷயம் அது. அவரும் ஒத்துக்கொண்ட விஷயம். அதனால் எழுபத்திரண்டு வயதில், கொட்டகைக்குப் பின்னால் இருபத்தொரு வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்த டிரெய்லரை அவர் டிராக்டர் வைத்து உள்ளே இழுத்து வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பண்ணை ஓரின் மட்டும் காபிக் கோப்பையோடு வந்து சுற்றிப் பார்த்தான்.

"மரத்தைப் பூரா எடுத்துட்டா மிச்சம் தகரமும் உன் வீம்பும்தான்டா. எதை ஏரிக்கு இழுத்துட்டுப் போவ?"

"வீம்பைத்தான். தகரம் கனம்" என்றார் வெர்லின்.

கோடையில் காருக்குப் பின்னால் மாட்டி ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ப்ளைவுட், இரண்டுக்கும் நடுவே விரல் கனத்தில் ரீப்பர் கட்டைகள். பார்வைக்குத் தகடுதான் பளபளக்கும், ஆனால் வண்டியைத் தாங்குவது அந்தக் கட்டைகள். அவைதான் அழுகியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் கேக்கில் இறங்குவது போல இறங்கியது.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. அழுகிய துண்டை உடைக்காமல் கழற்றி, புது மரத்தின் மேல் வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து வெட்ட வேண்டும். புதுத் துண்டு பொருந்துகிற வரைக்கும் பழையது பத்திரமாக இருக்க வேண்டும். பொருந்திவிட்டால் உடனே நெருப்புக் குவியலுக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் அழுகல் ஒட்டுவாரொட்டி. வெர்லின் இதை மீறியதே கிடையாது.

ஏன் இப்போது திடீரென்று என்று ஓரின் கேட்டதற்கு, சும்மா இருக்க முடியவில்லை என்றார். அது பொய். உண்மையான காரணம் அவர் மனைவி ஆர்டிஸ்.

பனிக்காலம் முடிகிற சமயம் டாக்டர் சொல்லிவிட்டார், ஆர்டிஸின் ஞாபகம் இனி போய்க்கொண்டேதான் இருக்கும் என்று. ரொட்டி எங்கே இருக்கிறது என்பது போனது. தங்கை பெயர் போனது. ஒன்று மட்டும் போகவில்லை. தினமும் காலையில், அவருடைய பழைய வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர் எதிரில் வந்து நின்று சொல்வாள்:

"அன்னிக்கு உன்னைத் தார்ப்பாய் போட விட்டிருக்கணும்ப்பா. என்னாலதான் எல்லாம் அழுகிப்போச்சு. மன்னிச்சிரு."

அவர்களுக்கு ஒரே மகள், ப்ரிட்டா. பதினைந்து வயதில், ஒரு செப்டம்பர் மாதம், கார் விபத்தில் போய்விட்டாள். அக்டோபரில், பனி விழுவதற்கு முன்னால், எல்லோரும் டிரெய்லரைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டும்போது ஆர்டிஸ் விடவில்லை. மகள் படுத்த மெத்தையில் போய்ப் படுத்துக்கொண்டு, மூடினால் பிள்ளை வாசனை போய்விடும் என்று அழுதாள். அந்த வருஷம் முழுப் பனியும் வண்டி மேல் கிடந்தது. அடுத்த கோடையில் தரை பொதபொதவென்று அமுங்கியது. வெர்லின் சமையலறையில் நின்று ஒரே ஒரு தடவை சொன்னார்: "அவ படுத்த இடத்தையும் அழுக வச்சிட்ட." அவ்வளவுதான். மனிதர் அதை மறந்தும்விட்டார். அவள் இருபது வருஷம் வாய் திறக்காமல் அதைச் சுமந்திருக்கிறாள் என்பது, மற்றதெல்லாம் அவளிடமிருந்து கழன்று போன பிறகுதான் தெரிந்தது.

முழுசாக மறப்பதற்குள் அந்த ஒரு பாரத்தை அவளிடமிருந்து இறக்கிவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசை கிடையாது. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று நூறு தடவை சொல்லியாயிற்று. வண்டியையே புதுசாக்கிவிட்டால் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கும் என்று நினைத்தார்.

ஜூன் மாதம் ப்ரிட்டாவின் படுக்கைப் பக்கத்துச் சுவரைப் பிரித்தார். தண்ணீர் வந்த வழி மரத்தில் கறையாக நிற்கும். கறையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் எங்கே நுழைந்தது என்று தெரிந்துவிடும். அவர் போனார். கூரையில் ஒன்றுமில்லை. கறை ஜன்னலின் மேல் விளிம்பில் போய் நின்றது. அங்கே தடிமனாக, ஒரே சீராக, சிலிக்கான் பசை பூசியிருந்தது. அவர் கைவேலை.

அதைப் பூசிய வசந்தம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஜன்னல் விளிம்பை அடைத்திருக்கிற பழைய பட்டியைச் சுரண்டிவிட்டுத்தான் எல்லோரும் புதுப் பட்டி வைப்பார்கள். வெர்லின் கடையிலேயே உசத்தியான சிலிக்கானை வாங்கி, பழையதன் மேலேயே சுற்றிலும் பூசி, ஜன்னலுக்கு அடியில் தண்ணீர் வடிகிற சின்ன இடுக்கைக்கூட விடாமல் அடைத்தார். இனி ஒரு சொட்டு இறங்காது என்று ஓரினிடம் பீற்றிக்கொண்டார். மேலே பட்டி விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே போனது. வெளியே வர வழியில்லை.

மெத்தைக்குக் கீழே மறைந்திருந்த பலகையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் பழுப்பாக ஒரு கறை. கறைக்கு யாரோ பென்சிலால் இரண்டு காது, இரண்டு கண், ஒரு மூக்கு வரைந்திருந்தார்கள். கீழே கோணல் எழுத்தில்: 'என் கரடி. ப்ரிட்டா. ஜூலை 1996.'

அவள் சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால். தார்ப்பாய் போடாத வருஷத்துக்கு இரண்டு வருஷம் முன்னால். வெர்லின் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார்.

மறுநாள் காலை ஆர்டிஸ் வந்து வழக்கம்போலத் தொடங்கியதும் பலகையை அவள் கையில் கொடுத்தார். அவள் தேதி மேல் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"அப்போ நான் இல்லையா?"

"நீ இல்ல ஆர்டி. நான்தான். உன் மேல பழியைப் போட்டுட்டேன்."

அவள் கரடியைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய், யாரும் சொல்லாமலே ஆப்பிள் பை செய்தாள். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டிருந்தாள். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை மறுபடி வந்தாள். "அன்னிக்கு உன்னைத் தார்ப்பாய் போட விட்டிருக்கணும்ப்பா." அவர் மறுபடி பலகையைக் கொடுத்தார். அவள் மறுபடி படித்தாள், அழுதாள். ஜூலை பூராவும் இதுதான் நடந்தது. அந்த இடத்துக்குப் புதுப் பலகை வெட்டிப் பொருத்தியாகிவிட்டது. பழையதை அவர் எரிக்கவில்லை. டிரெய்லர் கதவோரம் ஆணியில் மாட்டி வைத்தார். குவியலுக்குப் போகாமல் ஒரு அழுகல் துண்டு நிற்பதை ஓரின் பார்த்தான். அந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் ஆர்டிஸ் வந்தாள். நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. பலகையை எடுக்கக் கையை நீட்டிய வெர்லின் அப்படியே காத்திருந்தார். அவளே ஆணியில் தொங்கிய கரடியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாருக்கே. யாரு வரைஞ்சது?"

பாரம் இறங்கிவிட்டது. கூடவே பிள்ளையும் போய்விட்டாள்.

'தார்ப்பாய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒருவேளை ஆர்டிஸின் ஞாபகத்துக்கு மகள் திரும்பி வருவாள். ஆனால் தனியாக வரமாட்டாள், பழியும் சேர்ந்துதான் வரும். அவர் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார்.

"இங்க ஒரு பொண்ணு படுத்திருந்தா. அவ வரைஞ்சது."

ஆர்டிஸ் கறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இது தண்ணிக் கறைல்ல? ஐயோ பாவம், ஈரத்துலயா படுத்திருந்தா? யாரு அவளை இங்க படுக்க வச்சது?"

"நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல. பிறகு அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"தெரியாம செஞ்சிருப்பீங்க" என்றாள். "மனசுல வச்சுக்காதீங்க."

கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவரை 'நீங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான்.