அக்காவுக்கு இரண்டு நிமிஷம்

மண்டபத்தில் பேசுகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்கி, வேறு மொழியில் வாயால் விடுவதுதான் அவள் பிழைப்பு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எத்தனையோ பருவநிலை மாநாடு பார்த்துவிட்டாள். ஆனால் அவள் பிறந்த காட்டு மொழி தெரியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டார்கள். பட்டியலின் கடைசியில் பழங்குடிப் பிரதிநிதி, இரண்டு நிமிஷம். பெயரை இரண்டு தடவை படித்தாள். கூடப்பிறந்த அக்கா!

பேசிப் பதினாறு வருஷம். "போறவ திரும்பிப் பார்க்காதே" என்று, இவள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அக்கா கோபத்தில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இவளும் ரோஷமாக இருந்துவிட்டாள்.

"மந்திரிங்க பேசுறப்பவே அசராத ஆளு, இன்னைக்கு என்ன அந்தப் பேரையே பார்த்துட்டு?" என்றான் கூண்டில் பக்கத்தில் இருந்த சக மொழிபெயர்ப்பாளன்.

அக்கா மைக் முன்னால் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"சருகு சேர்றதுக்குள்ள நாங்க சின்னச் சின்னதா தீ வைப்போம். அப்பத்தான் பெரிய தீ வராது. மரத்தைக் காத்துக் காசாக்குற கார்பன் திட்டம்னு வந்தவங்க வேலி போட்டு அதைத் தடுத்தாங்க. மூணாம் வருஷமே பெரிய தீ வந்து காட்டைத் தின்னுட்டுப் போயிடுச்சு. காத்தைப் பார்த்தே தீ எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்றவ எங்க வீட்டுல ஒருத்தி இருந்தா. என் தங்கச்சி. அவ இல்லாதது கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். "என் தங்கை" என்றவள் ஒரு வாக்கியம் பின்தங்கினாள். அவளுக்குப் பதில் தான் பேச, சகா தன் மைக் பொத்தானுக்குக் கை நீட்டினான். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, மிச்சத்தையும் அவளே சொன்னாள்.

"எங்க காட்டைத் தொடுறதுக்கு முன்னாடி..." என்று அக்கா சொன்ன அடுத்த சொல்லில், கேட்பதும் பதிலுக்குக் காத்திருப்பதும் சேர்ந்தே இருந்தன. இவள் 'சம்மதம்' என்றாள். உடனே ஓர் அதிகாரி ஆட்சேபித்துப் பெயர்ப்பலகையைத் தூக்கினார். தீர்மான வரைவில் 'ஆலோசனை' என்றல்லவா இருக்கிறது? பேசியவரையே கேட்டுச் சொல்லும்படி கூட்டத் தலைவர் அவளைப் பணித்தார்.

இவள் காட்டு மொழியில் கேட்டாள். "உங்ககிட்டக் கேட்டாலே போதுமா, இல்ல நீங்க சரின்னு சொல்லணுமா?"

ஹெட்போனில் அந்தக் குரல் விழுந்ததும் அக்கா சட்டென்று கூண்டுப் பக்கம் திரும்பினாள்.

"நீயா?" என்றாள். பிறகு மெதுவாக, "நாங்க சரின்னு சொல்லணும். வேண்டாம்னா விட்டுட்டுப் போகணும்."

'நீயா'வை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை.

'சம்மதம்' வரைவில் ஏறியது. ஆனால் இன்னும் முடிவாகாத சொல்லுக்குப் போடும் அடைப்புக்குறிக்குள். அடுத்த வருஷம் பேசிக்கொள்வார்களாம்.

வாசலில், பஸ் கிளம்ப இருந்த பத்து நிமிஷத்தில், அக்கா அவள் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இளைச்சுட்டே. வீட்டுக்கு வாடி."

"கூட்டம் முடியட்டும்க்கா."

"உங்க கூட்டம் என்னைக்குத்தான் முடிஞ்சிருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் டிரைவர் ஹாரன் அடித்தான். ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா ஏதோ சொன்னாள். கண்ணாடி மூடியிருந்ததால் கேட்கவில்லை. பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும், அது என்னவாக இருக்கும் என்று யோசித்தபடி அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.