ஐந்து ஓடையும் ஒரே நேரத்தில்

கனகலட்சுமி புருஷனின் உள்ளங்கையில் ஏறியிருந்த முள்ளை ஊக்கால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். இனி வலிக்கவா போகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியும் அவள் விடவில்லை. ஓடைக்குள் கிடந்த ஆயில் எஞ்சினைக் கழற்றி மேட்டில் ஏற்றுகிறேன் என்று நேற்று மத்தியானம் போன மனுசன் சிவக்குமார். பொழுது சாய ஒரு மைல் தள்ளி, கருவேலம் புதரிலிருந்து தூக்கி வந்தார்கள்.

சோழவந்தானிலிருந்து அவன் அண்ணன் மருது வந்திருந்தான். வைகைக் கரையில் வளர்ந்த தம்பி, முழங்கால் தண்ணீர்கூட ஓடாத ஓடையில் செத்தான் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. குடித்திருந்தானா என்றுகூடக் கேட்டுவிட்டான்.

கனகத்தின் அப்பா நல்லகாமன் கையை விரித்துக் காட்டினார்.

"உங்க ஆறு நீட்டுப் போக்கு மாப்ள. வருசநாட்டுல பேஞ்சது உங்க கரைக்கு வர மறுநாளாகும், நடுவுல அணை வேற. எங்க சிறுமலை அப்படியில்ல. இந்தா, அஞ்சு வெரலும் அஞ்சு ஓடை. அம்புட்டும் ஒரே தூரம். மேல பேஞ்சா அம்புட்டும் ஒரே நேரத்துல மணிக்கட்டுக்கு, எங்க ஊருக்கு, வந்துரும். இங்க வெயிலடிச்சாலும் மலையில இடி கேட்டா நாங்க காலை வைக்க மாட்டோம்."

தன் பிள்ளை சொல்லித்தான் அனுப்பியிருக்கும், மருமகன்தான் கேட்டிருக்க மாட்டார் என்றும் சேர்த்துக்கொண்டார். மகளைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. சுற்றி இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். பேச்சுக் கேளாமல் போய்ச் சேர்ந்தவன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

கனகத்துக்குப் பொறுக்கவில்லை. பத்து வருசம் வைகைக் கரையில் வாழ்ந்துவிட்டு, அப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லையே என்று போன ஆடியில்தான் புருஷனோடு பிறந்த ஊருக்கு வந்திருந்தாள்.

"அவரு கேட்டாரு மச்சான்," என்றாள் மருதுவிடம். "மலை இருட்டிக்கிட்டு வருதே, எறங்கலாமான்னு கேட்டாரு. நாந்தான் தண்ணி வர நேரமிருக்கு, போயிட்டு வாங்கன்னேன். இந்த ஊருல பொறந்தவ நானு. உங்க ஊருக் கணக்கைச் சொல்லி அனுப்பிட்டேன்."

நல்லகாமன் விரித்த கையை மடக்கிக்கொண்டார். மருது எழுந்து வெளியே போனான்.

அந்த ஊரில் பிணத்தைக் குளிப்பாட்ட ஓடையில்தான் நீர்மாலை எடுப்பார்கள். மருதுவும் பங்காளிகளும் குடங்களோடு போய்த் திரும்ப வெகுநேரம் ஆனது. நேற்று எஞ்சினையே உருட்டிக்கொண்டு போன ஓடையில் இன்று ஒரு குடத்துக்குத் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு நிறைத்து வந்திருந்தார்கள்.

மருது முதல் குடத்தை அவளிடம் நீட்டினான். எட்டிப் பார்த்தாள். ஒரே கலங்கலாக இருந்தது. அதைச் சிவக்குமாரின் தலைமாட்டில் இறக்கி வைத்துவிட்டு, வண்டல் அடியில் படியட்டும் என்று உட்கார்ந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.