முதல் மடக்கு

"நீ முதல்ல குடிச்சுப் பாக்குறியாண்ணா?"

காய்ச்சலில் கிடந்தபோது, ஆறு வயதில் அவள் கேட்ட கேள்வி இது. தாயில்லாத வீடு. பதினான்கு வயது அண்ணன் அந்தக் கசப்பு மருந்தை ஒரு மடக்கு விழுங்கி, முகம் கோணாமல், "தேன் மாதிரி இருக்கு கழுத, குடி" என்றான். பத்து நாளும் வேளை தவறாமல் முதல் மடக்கு அவனுடையது.

அந்தத் தங்கைதான் இன்று ஆய்வுக்கூடத்தில் ஹாம்ஸ்டர் எலிகளின் கன்னத்துக்குள், வாரம் மூன்று முறை, புற்றுநோயை வரவழைக்கும் திரவத்தைத் தூரிகையால் பூசுகிறாள். பூசியதும் பாதி எலிகளுக்கு ஓர் இலையிலிருந்து பிரித்த மருந்து. அதை மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்துவது எலிகளைப் பராமரிக்கும் கூண்டுக்காரரின் வேலை. பதினான்கு வாரம் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவற்றின் கன்னம் சுத்தம். மற்றவற்றில் கட்டி கட்டியாக.

அன்று அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை; வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணனின் கன்னத்துக்குள் ஒரு புண். புற்றுதான், ஆரம்பம்தான், வெட்டியெடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் நாள் குறித்திருந்த வாரம் அது. செய்தியைக் கேட்ட அண்ணன் நாளைத் தள்ளிப்போட்டான். "டாக்டர் கத்திக் கட்சி, நான் என் தங்கச்சியோட இலைக் கட்சி" என்று சிரித்தான். வராமல் தடுப்பது வேறு, வந்ததைத் தீர்ப்பது வேறு என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்துச் சொல்லாமல் விட்டாள்.

சோதனையின் இரண்டாம் சுற்றின்போது கூண்டுக்காரர் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். குழாயை அவளே பிடித்தாள். பதினான்கு வாரம் கழித்து எல்லாக் கூண்டிலும் கட்டிகள்.

அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை.

"தொண்டையில குழாய விட்டா திமிறுதும்மா. மனசு கேக்கல. வாயிலயே சொட்டுச் சொட்டா விட்டேன். நல்லாத்தான குடிச்சுது?"

அந்தச் சொட்டுகள் கன்னத்தில் அவள் பூசிய திரவத்தைக் கழுவியிருக்கின்றன. வெறும் தண்ணீர் விட்டிருந்தாலும் கழுவியிருக்கும். அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த அறையில் அந்த உயிர்களுக்குக் கிடைத்த ஒரே இரக்கம் அது. "உங்க மேல தப்பில்லங்க. பக்கத்துல நின்னு பாக்காதது நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அதற்குள் அண்ணனின் கழுத்திலும் கட்டி இறங்கியிருந்தது. பாதித் தாடை போகும், போன பிறகும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள்.

"அப்ப ஒன் இலை வாய் கொப்புளிக்கத்தான் லாயக்கு" என்றான் அவன். "அழாத. அந்த எலிங்களுக்காவது கொஞ்ச நாள் வலிக்காம இருந்துச்சே."

அறுவை முடிந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவனால் பேச முடியவில்லை. வலிக்குக் கொடுத்திருந்த திரவத்தைச் சமையலறையில் அளந்து ஊற்றினாள். முன்பெல்லாம் மருந்து பலிக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்பாள். இப்போது அதைக் கேட்க நா எழவில்லை.

கதவைச் சாத்தினாள். தனிக் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி விழுங்கினாள். கடும் கசப்பு. கோணிய முகம் நேராகும்வரை அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணனுக்கு அளந்து வைத்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.