சீல் வைத்த மூடி

கல்குவாரிச் சாலையில் மேடு தொடங்குகிற இடத்தில் வண்டி முதல் முறை திக்கியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. முன்னும் பின்னும் உலுக்கிவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போகிற கிழவனைப் போல எஞ்சின் அடங்கிவிட்டது. பின்னால் வந்த கல் லாரி ஹாரனை அழுத்தியபடி அவளை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. சிலிண்டர்க்காரி காலை ஊன்றி வண்டியை ஓரப் புழுதிக்குத் தள்ளினாள். பக்கவாட்டு இரும்புக் கூண்டில் கட்டியிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரின் பாரம் வண்டியைச் சாய்த்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. நிரம்பியதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, தீர்ந்ததைக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். போகிற வீடுகளில் சிலிண்டரம்மா, ஷெட்டில் சிலிண்டர்க்காரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கியர் வண்டியைப் பொம்பளை எப்படி ஓட்டும் என்று சிரித்தவர்கள், இப்போது மேட்டுப் பக்கத்து வீடு எது வந்தாலும் அவள் தலையில் கட்டினார்கள். கம்பெனி கொடுத்த வண்டி அவள் கல்யாணத்துக்கு மூத்தது. பிரேக் பிடித்தால் நிற்கும், வெயிலடித்தால் சுடும், மற்றபடி இதுவரை கழுத்தறுத்ததில்லை.

பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பி உதைத்தாள். ஒன்றுமில்லை. பெட்ரோல் இல்லாமல் இருக்க வழியே இல்லை. காலையில்தான் ஷெட் மெக்கானிக் கழுத்து வரை ஊற்றியிருந்தார். டாங்க் மூடியைத் திறந்து பார்க்கவும் முடியாது. மூடி முழுக்க, ஓட்டை அடைக்கப் பூசுகிற வெள்ளை மக்கு அப்பி இறுகியிருந்தது, அதன் மேல் மேனேஜரின் கையெழுத்து, நீல மையில். வண்டிகளில் பெட்ரோல் குறைகிறது என்று மேனேஜர் கொஞ்ச நாளாகவே முறுமுறுத்துக்கொண்டிருந்தார். "எடுக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது. அதனால எல்லா வண்டிக்கும் சீல்" என்று இன்று காலை ஷெட்டில் வைத்துச் சொன்னார். "சாயந்தரம் நானே ஒடைப்பேன். அதுக்கு முன்னாடி ஒடைஞ்சிருந்தா, ஒடைச்சவங்கதான் திருடன்." எதிர்த்துப் பேசினால் பேசியவன்தான் திருடன் என்று ஆகிவிடும்.

சற்று நேரம் பொறுத்து உதைத்தபோது, எதுவுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது. அவள் ஏறி உட்கார்ந்து, வாயிலிருந்த புழுதியைத் துப்பிவிட்டு ஓட்டினாள். முதல் வளைவு தாண்டவில்லை, மறுபடி திக்கல், மறுபடி அடக்கம். இந்தத் தடவை முன்னைவிடக் குறைந்த தூரம்.

கைபேசி அடித்தது. அவள் போகவேண்டிய வீட்டு அம்மா. அந்த வீட்டுக்காரர் இதே குவாரியில் கல் உடைத்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூள் படிந்து, மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடக்கிறார்.

"எங்கம்மா வந்துக்கிட்டிருக்க?"

"குவாரி வளைவுல இருக்கேம்மா. வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"மீட்டர் முள்ளு செவப்புக்கு வந்துடுச்சு கண்ணு. நேத்தே வரும்னு சொன்னாங்க, வரலை. நான் காத்தைக் கொறைச்சு வெச்சிருக்கேன். அவரு கொறைக்காதேன்னு கையை ஆட்டுறாரு."

"ரொம்பக் குறைக்காதீங்க. வந்துடறேன்."

வந்துடறேன் என்று சொன்ன வாய்க்கு வண்டி கட்டுப்படவில்லை. சோக்கை இழுத்துப் பார்த்தாள். எஞ்சின் ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். ஷெட் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் எடுத்தவுடன் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"அண்ணே, வண்டி ஓடி ஓடி நிக்குது. கொஞ்ச நேரம் விட்டா ஸ்டார்ட் ஆகுது. திரும்ப நிக்குது."

"பிளக்கைக் கழட்டிப் பாரு தங்கச்சி. ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?"

சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். பிளக் சுட்டது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு திருகினாள். முனை சுடுமணலைப் போலக் காய்ந்திருந்தது.

"காஞ்சிருக்குண்ணே."

"அப்ப கரண்ட்ல கோளாறு இல்லை, பெட்ரோல் வரலை. கார்புரேட்டருக்கு அடியில சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்து."

தளர்த்தினாள். கண்ணீர் மாதிரி நாலு சொட்டு விழுந்து நின்றது.

"மேல அடைப்புதான். ட்யூபைப் புடுங்கிப் பாக்கணும். இரு, இரு. மொதல்ல சிலிண்டரை இறக்கித் தள்ளி வை. பெட்ரோலும் ஆக்ஸிஜனும் பக்கத்துல பக்கத்துல வேண்டாம். எஞ்சினும் கொஞ்சம் ஆறட்டும்."

அவள் கூண்டின் பட்டையை அவிழ்த்தாள். சிலிண்டரைத் தோளில் சாய்த்து இறக்கி, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு போய், தூரத்தில் ஒரு பாறை நிழலில் கிடத்தினாள். திரும்பி வந்து எஞ்சின் ஆறக் காத்திருந்தாள். எஞ்சினுக்கு அவசரம் இல்லை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு டிரைவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, பொம்பளை என்று தெரிந்ததும் எதையோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

காலித் தண்ணீர் பாட்டிலை அடியில் பிடித்துக்கொண்டு ட்யூபை உருவினாள். பெட்ரோல் நூல் போல ஒழுகியது. நூல் சொட்டாயிற்று. சொட்டு நின்றது. அடைப்பு என்றால் முதலிலேயே வந்திருக்காதே என்று அவள் யோசிக்கும்போதே, ட்யூபுக்குள் காற்று ஏறுகிற சத்தம் குளுக்கென்று கேட்டது. பெட்ரோல் மறுபடி பாய்ந்து பாட்டிலைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்து மண்ணில் விழுந்தது. பதறிக் குழாயை மூடினாள்.

மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

"அண்ணே?"

"எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துப் பாத்திருக்கியா?"

"கொஞ்சம் வந்து நின்னுடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடணும்."

"டாங்குக்கு அந்த இன்னொரு ஓட்டை மூடியிலதான் இருக்கு. உள்ள காத்து போனாத்தான் பெட்ரோல் எறங்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது மேல மக்கு இருக்கு."

அவள் மூடியைப் பார்த்தாள். ஓட்டை இருந்த இடமே தெரியாமல் கட்டைவிரலால் வழித்துப் பூசியிருந்தது. ரேகை கூடப் பதிந்திருந்தது.

"நீங்கதானேண்ணே பூசுனீங்க?"

"பூசச் சொன்னாங்க, பூசுனேன். ஓட்டையை விட்டுட்டா அது வழியா உறிஞ்சிடுவாங்கன்னாரு. ஊசி நுழையற ஓட்டையில எவன் உறிஞ்சுவான்? வாயைத் திறந்தா என்னையும் சேத்துச் சந்தேகப்படுவாரு. மத்தவங்க எல்லாம் பக்கத்துத் தெருதான், பாதி டாங்க்தான், மீதி காத்து இருக்கும். நீதான் தொலைதூரம்." சுத்தியல் மறுபடி தட்டத் தொடங்கியது. "நான் சொன்னேன்னு சொல்லாத தங்கச்சி."

காற்று ஏறியிருந்ததால் வண்டி கிளம்பும் என்று அவளுக்குத் தெரிந்தது. சீலைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓர் ஆசை. பிளக்கையும் ட்யூபையும் மாட்டி, ஸ்க்ரூவை இறுக்கி, சிலிண்டரைத் தூக்கி வந்து கட்டி, உதைத்தாள். கிளம்பியது. மேட்டில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. குவாரியின் கல் அரைக்கும் இயந்திரம் தெரிந்தது, அதைத் தாண்டினால் வரிசை வீடுகள். இயந்திரத்தின் தூசிக்குள் நுழையும்போதே கைப்பிடியில் அந்தப் பழைய உலுக்கல் வந்துவிட்டது. செங்குத்து மேட்டின் நடுவில் வண்டி நின்றது. பிரேக்கை விட்டால் பின்னால் உருளும், அவ்வளவு சரிவு.

மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், டாங்குக்குள்ள காத்து போகலை. மூடியைத் திறந்தாத்தான் வண்டி ஓடும். பேஷண்டுக்கு கேஸ் முடியப் போகுது."

"சீலைத் தொடாத."

"ஓட்டை அடைச்சிருக்கு சார். ஒரு ஊசி அளவு குத்திக்கிறேன், அதுக்கு மட்டும்..."

"இன்னிக்குத்தான் சீல் வெச்சிருக்கு. இன்னிக்கே உனக்குத் திறக்கணும். இல்லையா?"

"வேணும்னா வீடியோ கால்ல வாங்க சார். உங்க கண்ணு முன்னாடியே குத்தறேன்."

"வேற வண்டி அனுப்பறேன். அங்கேயே நில்லு."

"எந்த வண்டி சார்?"

"ஆத்துப் பாலத்துக்கு அந்தாண்ட ஒருத்தன் போயிருக்கான். வந்ததும் அனுப்பறேன்."

"அது வரைக்கும் அவரு தாங்கணுமே சார்."

"நான் டாக்டர் இல்லைம்மா" என்று வைத்துவிட்டார்.

வண்டியைத் தள்ளிப் பார்த்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளியும் சிலிண்டர் பாரத்தோடு சக்கரம் ஒரு முழம் ஏறினால் அரை முழம் இறங்கியது. ட்யூபை மறுபடி உருவலாம் என்றால் எஞ்சின் அடுப்பாகக் கொதித்தது, சரிவில் சிலிண்டரை இறக்கி வைக்கவும் இடமில்லை. அவள் புருஷன் இரவுக் காவல் வேலைக்காரன். அவளும் அவனும் முகம் பார்ப்பது வீட்டுச் சாவியைக் கை மாற்றும் நேரத்தில்தான். காலையில் சாவியை வாங்கிக்கொண்டு, ஷெட்டின் பெட்ரோல் தகராறைக் கேட்டு அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஊர் நியாயத்தை எல்லாம் நீ தூக்காத. தூக்கறதுக்குத்தான் சிலிண்டர் இருக்குல்ல." அப்போது சிரித்தாள்.

கைபேசி மறுபடி அடித்தது. அந்த அம்மா பேசவில்லை. போனை எங்கேயோ பக்கத்தில் வைத்திருந்தாள் போல. ஈரத்துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது, நின்றது, வந்தது. அப்புறம் அந்த அம்மாவின் குரல், அழுகை இல்லாமல். "நகமெல்லாம் நீலமாயிடுச்சு."

சிலிண்டர்க்காரி ஸ்க்ரூ டிரைவரை மக்கின் விளிம்பில் வைத்து, ஸ்பேனரால் ஓர் அடி அடித்தாள். கையெழுத்து இரண்டாகப் பிளந்து, துண்டு துண்டாகப் பெயர்ந்து சரிவில் உருண்டது. சாவியைப் போட்டு மூடியைத் திருகினாள். வெகுநேரம் அடக்கிய மூச்சைப் போல டாங்க் சீறிக்கொண்டு காற்றை உள்ளே இழுத்தது. உதைத்தாள். வண்டி மேடு முடியும் வரை ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

வரிசை வீடுகளின் கடைசிக் கதவு திறந்தே கிடந்தது. அவள் சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு போனபோது அந்த அம்மா காலிச் சிலிண்டரின் நட்டைத் திருகித் தோற்று, உள்ளங்கை சிவக்க நின்றிருந்தாள். கட்டிலில் அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் பள்ளம் விழுந்தது. சிலிண்டர்க்காரி மீட்டரைக் கழற்றி மாற்றி, திருகி, வால்வைத் திறந்தாள். தண்ணீர்க் குடுவையில் குமிழ் எழும்பியது. மூன்று பேரும் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நகத்தில் நிறம் திரும்பிய பிறகுதான் அந்த அம்மா தரையில் உட்கார்ந்தாள். "என்னம்மா ஆச்சு வண்டிக்கு?" என்று அப்புறம்தான் கேட்டாள்.

"காத்து போகலைம்மா உள்ள."

கட்டிலில் இருந்தவர் மெல்ல நிமிர்ந்தார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு செலவழித்துச் சொன்னார். "அதுவும்... குவாரில... வேலை பாத்துச்சா?"

அந்த அம்மா அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள். சிலிண்டர்க்காரிக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்தார். மூடியைத் திறந்து ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் ஏறிய இடத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"போன தூரத்துக்கு இவ்வளவு குறையாதே."

"ட்யூபைக் கழட்டுனப்ப மண்ணுல கொட்டிடுச்சு சார். மெக்கானிக் அண்ணன்கிட்ட..." நிறுத்திக்கொண்டாள். பிறகு, சொல்லாமல் முடியாது என்று தோன்றியது. "அண்ணன்கிட்ட கேட்டுத்தான் செஞ்சேன். கேட்டுப் பாருங்க."

மெக்கானிக் வேலை மேசைக்குப் பக்கத்தில் கழிவு நூலால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் திரும்பிப் பார்த்ததும் துடைப்பது இன்னும் வேகமாயிற்று.

"போன் பண்ணுச்சு சார். இங்க சத்தமா இருந்துச்சு. சரியாக் காதுல விழலை."

அவள் அவரையே பார்த்தாள். அவர் கடைசி விரலுக்கு வந்திருந்தார்.

"அந்த வீட்டுல கேளுங்க சார். அந்த ஆள் மூச்சு விடறாரு, போய்ப் பாருங்க."

"அதுக்குத்தானே சம்பளம்" என்றார் மேனேஜர். அவர் கோபப்படவில்லை. "சீல் ஒடைஞ்சா என்னன்னு காலையிலேயே சொல்லியாச்சு. உனக்கு இன்னிக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பேஷண்டைக் காட்டுவான். கார்டையும் ஹெல்மெட்டையும் வெச்சுட்டுக் கிளம்பு."

மற்ற வண்டிக்காரர்கள் அவரவர் சிலிண்டரில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றினாள், நாடா கொண்டையில் சிக்கியது. யாரும் எடுத்துவிட வரவில்லை. தானே இழுத்து எடுத்து, ஹெல்மெட்டுக்குள் போட்டு மேசையில் வைத்தாள்.

ஷெட்டுக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். கூரையில்லாத கம்பத்தின் கீழ் நின்றாள். விரல்களில் இன்னும் பெட்ரோல் வாடை அடித்தது. சாவியை வாங்கும்போது புருஷனிடம் எதில் தொடங்கிச் சொல்வது என்று யோசித்தாள். ஒரு பஸ் வந்தது, அவளுடையது இல்லை. அது நகர்ந்ததும் ஷெட் மறுபடி தெரிந்தது.

மேனேஜர் சீல்களை உடைக்காமல் அப்படியே வைத்து, வண்டிகளை வாசலில் வரிசையாக நிறுத்தச் சொல்லியிருந்தார். மெக்கானிக் இடுக்கியில் ஓர் ஊசியைப் பிடித்து, முனையைக் கல்லில் தீட்டிக்கொண்டார். முதல் வண்டியின் மூடியில், வெள்ளை மக்குக்கு நடுவே அதைத் திருகி இறக்கினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். மேனேஜர் பேனாவைத் திறந்து பிடித்தபடி பின்னாலேயே வந்து, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நீல மையில் ஒரு வட்டம் போட்டார். மெக்கானிக் சாலைப் பக்கம் ஒருமுறைகூட நிமிரவில்லை. துளை போட்ட ஒவ்வொரு மூடியின் மேலும் குனிந்து, தூள் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, வாயை வைத்துப் பக்குவமாக ஊதிவிட்டார்.